ஆறு வாரத்தில் திரும்பி வந்த வயிறு

ஒரே நோயாளிக்கு ஒரே மருந்துச் சீட்டை ஆறு முறை எழுதியிருக்கிறேன். ஆறு முறையும் மருந்து சரி, அளவு சரி, நாட்களும் சரி. ஆறு முறையும் அவர் குணமாகி வீட்டுக்குப் போனார். ஆறு முறையும் திரும்பி வந்தார். என் வேலைக்காலம் முழுவதிலும் நான் அதிகம் வெட்கப்பட்டதும் அவரால்தான், அதிகம் சந்தோஷப்பட்டதும் அவரால்தான்.

இந்த வருடம் குடல் நோய்ப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகினால் என்ன கொடுக்க வேண்டும் என்று உங்கள் கைபேசியே சொல்லிவிடும். அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இதைச் சொல்லலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டேன். "தாராளமா சொல்லுங்க டாக்டரம்மா, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். ஆகவே அவரை ஆரோக்கியராஜ் என்று அழைக்கிறேன்.

கடலூர் முதுநகர்க்காரர். மின்வாரியத்தில் லைன்மேன். வயது நாற்பத்திரண்டு. சிதம்பரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு ஓர் ஆவணி மாதத்து முற்பகலில் மனைவி பிலோமினாவோடு வந்தார். உட்காரும்போதே இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார்.

"சாப்ட்டு அரை மணி நேரத்துல வயிறு பானை மாதிரி ஆயிடுது டாக்டரம்மா. அப்புறம் ஓடணும். கம்பத்து மேல இருக்கும்போது வந்தா என்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிலோமினா சிரிக்கவில்லை. "எட்டு கிலோ எறங்கிட்டாருங்க. சட்டையெல்லாம் புடிச்சித் தெச்சிக் குடுத்துக்கினு இருக்கேன்" என்றார்.

படுக்க வைத்துப் பார்த்தேன். வயிற்றின் நடுவில், தொப்புளுக்கு மேலும் கீழுமாக நீளமான பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"அப்பண்டிஸுங்க. சின்ன வயசுல."

அப்பெண்டிக்ஸ் அறுவை என்று எழுதிக்கொண்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் இரண்டிலும் ஒன்றும் இல்லை. குடல் கிருமிகள் விடும் வாயுவை அளக்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் புதுச்சேரி அனுப்பினோம். சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கம் என்று தெளிவாக வந்தது. ஆன்டிபயாடிக் எழுதினேன். இரண்டே வாரத்தில் வயிறு வற்றி, முகம் தெளிந்து, ஒரு தெர்மோகோல் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே பனிக்கட்டியில் புதைத்த வஞ்சிரம், துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் வாங்கியது. நான் நடராஜர் கோயிலுக்குப் பக்கத்து வீதியில் வசிக்கும் சைவச் சாப்பாட்டுக்காரி. இதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "எங்க நர்ஸம்மா வீட்டுல இன்னைக்கு விருந்து" என்று பெட்டியை வாங்கி உள்ளே அனுப்பினேன். அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார்.

இரண்டாவது முறை அதே மருந்து. மூன்றாவது முறையும் அதே மருந்து, கூடவே சாப்பாட்டில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று நீளமான ஒரு தாள். நான்காவது முறை அவர் வாயைத் திறக்கும் முன்பே என் பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. அந்த நான்காவது முறையைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து வேலை செய்கிறது, எனவே என் கணிப்பு சரி என்று நான் நம்பினேன். கணிப்பும் சரிதான். பாக்டீரியாதான் நோய். ஆனால் ஒரு மனிதரின் குடலில் அது வருடத்துக்கு ஆறு முறை குடியேறுகிறது என்றால், அதற்கு அங்கே யாரோ வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாவது முறை கேட்டேன். அவருடைய பழைய சீட்டுகளையெல்லாம் கொண்டு வரச் சொல்லி, மேசையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், இந்தத் தொல்லை தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பு நெஞ்செரிச்சலுக்காக எழுதப்பட்ட, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைச் சீட்டு இருந்தது. கையெழுத்து என்னுடையது. அப்போது ஒருமுறைதான் வந்திருக்கிறார், எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு மாதத்துக்கு என்று எழுதியதை அவர் இரண்டு வருடமாக விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். இரைப்பையில் சுரக்கும் அமிலம்தான் சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்லும் முதல் காவல். அந்தக் காவலை நான்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவரிடம் நேராகவே சொன்னேன். "இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல. ஒவ்வொரு தடவையும் வேற என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டிருக்கணும். அதையும் கேக்கல. தப்பு என்னுது."

அவர் கோபப்படவில்லை. "பரவால்ல டாக்டரம்மா. நாங்களும் அப்புடித்தான். ஃப்யூஸு போவும், மாத்திட்டு வந்துடுவோம். மறுநாளும் போவும். லைன்ல எங்கியோ மரம் உரசிக்கினு இருக்கும், அதப் பாத்திருக்க மாட்டோம்" என்றார்.

மாத்திரையை நிறுத்தினோம். ஐந்தாவது முறை மருந்து கொடுத்தேன். ஆறு வாரம் கடந்தது, வரவில்லை. ஏழு வாரம் ஆனது, வரவில்லை. மருத்துவர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் தவற்றையும் அதைக் கண்டுபிடித்த விதத்தையும் விரிவாகப் பேசினேன். கை தட்டினார்கள். ஒன்பதாவது வாரம் ஆரோக்கியராஜ் வெளிநோயாளி வரிசையில் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

ஒரு காரணம் கிடைத்ததும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். கிடைத்த காரணம் உண்மையானதுதான், ஆனால் அது மட்டும் இல்லை. தவற்றை ஒப்புக்கொண்ட திருப்தியில் இன்னொரு தவறு செய்தேன். ஆறாவது சீட்டை எரிச்சலோடு எழுதினேன். அவர்மேல் இல்லை, ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்காது.

ஏழாவது முறை வந்தது ஐப்பசியில். வங்கக்கடலில் தாழ்வு நிலை உருவாகி, அது புயலாகி எங்கள் பக்கம் திரும்பும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த வாரம். கடலூரில் மின்வாரியத்துக்காரர்களுக்கு அந்த மாதங்களில் விடுப்பே கிடையாது. பிலோமினாவோடு, அவரோடு வேலை செய்யும் காசிமும் வந்திருந்தார். ஆரோக்கியராஜ் நாற்பத்து நான்கு கிலோ இருந்தார். கன்னம் ஒட்டி, கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது.

"மருந்த எழுதிக் குடுங்க டாக்டரம்மா. கூடவே ட்யூட்டிக்கு ஃபிட்டுன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு. சாயந்தரத்துக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும். புயல் லிஸ்ட்டு போடுறாங்க."

காசிம் அவரைப் பார்த்தார். "மச்சான், நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"ஒண்ணுமில்ல, உடு."

"முந்தாநாளு கம்பத்துல இருந்து கால் வழுக்கிடுச்சு டாக்டர். பெல்ட்டு மாட்டியிருந்ததால தொங்குனான். எறக்கிட்டுக் கேட்டா, கால எங்க வெச்சேன்னே தெரியல மச்சான்னு சொல்றான். இப்ப ஒரு மாசமா இப்புடித்தான், நாளுக்கு நாள் ஜாஸ்தி ஆவுது."

பிலோமினாவுக்கு இது அப்போதுதான் தெரிந்தது. அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தட்டினால் அதிரும் சின்ன உலோகக் கவையை எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலில் வைத்தேன். "அதிருதா?" "இல்லீங்க." கணுக்காலில் வைத்தேன். "இல்லீங்க." முழங்காலில் வைத்தபோதுதான் "இப்ப லேசா" என்றார். பெருகிக் கிடக்கும் பாக்டீரியா நரம்புகளுக்குப் போக வேண்டிய பி12 சத்தைத் தின்றுவிடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை நான் அவர் கால்களில் தேடிப் பார்க்கவே இல்லை. முப்பதடி உயரத்தில், இரும்புக் குறுக்குச் சட்டத்தில், உணர்ச்சியில்லாத இந்தப் பாதங்களை நம்பித்தான் அவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"சர்ட்டிபிகேட் தர முடியாது" என்றேன். "மருந்தும் இப்ப எழுத மாட்டேன்."

அவர் எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "ஆறு தபா எழுதுனீங்க. ஏழாவது தபா எழுதறதுக்கு என்னா? புயல் நேரத்துல லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தான்னு நாலு பேரு சொல்லணுமா? கையெழுத்துப் போடுங்க, அது போதும்."

கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். எனக்கும் அடுத்த நோயாளியைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கும். அவசரம் நோயாளியிடமிருந்து வரும்போது நாம் சீக்கிரம் இளகிவிடுவோம், அது இரக்கம் மாதிரியே இருக்கும். அன்று என்னைத் தடுத்தது அவர் கேட்ட கேள்விதான். ஆறு முறை எழுதியதற்கும் ஏழாவது முறை எழுதாததற்கும் என்ன வித்தியாசம்? "படுங்க, இன்னொரு தரம் பாக்குறேன்" என்றேன். பிலோமினா கேட்டுக்கொண்டதால் படுத்தார்.

அவசரமில்லாமல் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக என்னிடம் வந்துகொண்டிருந்தவரின் வயிற்றை, முதன்முறை பார்ப்பது போலப் பார்த்தேன். நடுவில் அந்த நீளத் தழும்பு. இடது விலாவுக்குக் கீழே, பத்துப் பைசா அளவில் வட்டமாகச் சுருங்கிய இன்னொரு தழும்பு. உள்ளே கசியும் நீரை வெளியேற்றக் குழாய் வைத்த இடம். அப்பெண்டிக்ஸ் இருப்பது வலப்பக்கம். அதற்கு யாரும் இடது மேல்வயிற்றில் குழாய் வைக்க மாட்டார்கள்.

மற்ற இருவரையும் வெளியே இருக்கச் சொன்னேன்.

"ஆரோக்கியராஜ், இது அப்பெண்டிக்ஸ் இல்ல."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

"எதை?"

"நான் சொல்றத."

"உங்க வைத்தியத்துக்கு வேணுங்கிறதை எங்க நோட்டுல எழுதித்தான் ஆகணும். ஆபீஸுக்குப் போற தாள்ல எழுத மாட்டேன். ரெண்டும் வேற வேற தாள்."

பொய் சொல்லி அவர் வாயைத் திறக்க வைத்திருக்கலாம். "ஒண்ணும் எழுத மாட்டேன்" என்று சொல்வது சுலபம். ஆனால் அதற்குப் பிறகு அவர் உடம்பைப் பற்றி நான் சொல்லும் எதையும் நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருக்காது.

அவர் சொன்னார். இருபத்துமூன்று வயதில், நிரந்தர வேலை கிடைப்பதற்கு முன்பு, ஓர் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலியாகக் கம்பம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் கம்பத்திலிருந்து சுற்றுச்சுவரின் மேல் வயிறு படும்படி விழுந்துவிட்டார். "கொடலு ரெண்டு எடத்துல கிழிஞ்சிருந்துதாம். வேற ஊர்ல ஆபரேஷன் பண்ணி ஒட்டுப் போட்டாங்க. தென்னமரத்துல இருந்து உழுந்தேன்னு சொல்லுன்னாரு கான்ட்ராக்டரு. அப்புறம் நிரந்தர வேல வந்தப்ப ஃபாரத்துல கேட்டிருந்துது, பெரிய அடி ஏதும் பட்டிருக்கான்னு. எழுதுனா வேல போயிடும்னு சொன்னாங்க. அப்பண்டிஸ்ன்னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் அதான். பிலோமினாவுக்கே தெரியாதுங்க."

குடலைத் தைக்கும்போது சில சமயம் இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் சேர்த்து இணைப்பார்கள். உயிர் போகும் அவசரத்தில் அது பாதுகாப்பான, நல்ல வழி. ஆனால் அப்படிச் சேர்த்த இடத்தில் ஒரு முனை முட்டுச்சந்து போல மிஞ்சி நிற்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் அது மெதுவாக விரிந்து பையாகலாம். சாப்பாடு அங்கே போய்த் தேங்கும். தேங்கிய இடத்தில் பாக்டீரியா பெருகும். என் மருந்து அவற்றைக் கொன்றது. பை அப்படியே இருந்தது. ஆறு வாரத்தில் அடுத்த கூட்டம் வந்து நிறைந்தது.

அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போன தாளில், அவர் சிகிச்சையில் இருக்கிறார், நான் எழுதிக் கொடுக்கும்வரை உயரத்தில் ஏறக்கூடாது என்று மட்டும் இருந்தது. பி12 ஊசியை அன்று மாலையே தொடங்கினோம்.

மறுநாள் எக்ஸ்ரே அறைக்குப் போய் பேரியம் கொடுத்துப் படமெடுக்க வேண்டும் என்றேன். எங்கள் எக்ஸ்ரே நிபுணர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பேரியமா? இப்பல்லாம் யாரு டாக்டர் இதக் கேக்குறா?" என்று முணுமுணுத்தாலும் எல்லாவற்றையும் தயார் செய்தார். வெள்ளைக் குழம்பைக் குடித்த ஆரோக்கியராஜை அரைமணிக்கு ஒருமுறை படமெடுத்தோம். குழம்பு சிறுகுடலைக் கடந்து, பெருங்குடலை எட்டி, மேலே எல்லாம் காலியானது. இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பை. மூன்று மணி நேரம் கழித்தும் நகரவில்லை.

"அட!" என்றார் எக்ஸ்ரே நிபுணர். "இங்க ஒரு ஆளு குந்திக்கினு இருக்கான் பாருங்க!"

நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்தத் திரையைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

புயல் எங்களுக்குத் தெற்கே கரை கடந்தது. இரண்டு நாள் காற்றிலும் மழையிலும் வார்டு ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டே இருந்தன. ஆரோக்கியராஜ் கட்டிலில் உட்கார்ந்து காசிமுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார், எந்த ஃபீடர் லைன் போயிற்று, எந்தக் கம்பம் சாய்ந்தது என்று. நான் சுற்றுக்கு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார். "நாளன்னைக்கே எடுத்துடலாம்."

"இப்ப வேண்டாம். ரத்தத்துல புரதமே இல்ல. கால் வீங்கியிருக்கு பாருங்க. இந்த உடம்புல போட்ட தையல் ஒட்டாது."

"டாக்டர், அந்த ஆளு பயந்துபோயிருக்காரு. ஒரு மாசம் உட்டீங்கன்னா திரும்பி வர மாட்டாரு."

நாங்கள் இருவரும் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நோயின் வேரைக் கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் எனக்கும் அதை உடனே பிடுங்கிவிடத்தான் கை துடித்தது. ஆனால் பதினான்கு மாதம் பொறுமையில்லாமல் இருந்தவள் இன்னும் ஐந்து வாரம் பொறுத்துக்கொள்ளலாம். அவர் திரும்பி வராமல் போகும் அபாயத்தை நான் ஏற்கிறேன், தையல் விட்டுப்போகும் அபாயத்தை ஏற்க மாட்டேன் என்றேன். நிபுணர் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார்.

அன்று ஏழாவது சீட்டை எழுதினேன். அதே மருந்துதான். இந்தமுறை எதற்காக எழுதுகிறேன் என்று தெரிந்து எழுதினேன். அவர் சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதற்கு எனக்குச் சில வாரம் அவகாசம் வேண்டியிருந்தது.

நிபுணர் சொன்னது கிட்டத்தட்ட நடந்தது. நான்காவது வாரம் ஆரோக்கியராஜ் நாலு கிலோ ஏறி, வீக்கம் வடிந்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, தெம்பாக வந்து உட்கார்ந்தார். "இப்பத்தான் நல்லா இருக்கேனே டாக்டரம்மா. ஆபரேஷன் எதுக்கு? திரும்ப வந்தா பாத்துக்கலாம்."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பிலோமினா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். அதற்குள் கணவர் அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

"பதினாறு வருஷமா அப்பண்டிஸ் அப்பண்டிஸ்ன்னு சொன்னீங்க, நம்புனேன். கம்பத்துல தொங்குனத காசிம் அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன். இப்ப நல்லா இருக்கேன்றீங்க. இதையும் நான் நம்பணுமா?" குரல் உயரவே இல்லை. "டாக்டரம்மா, என்னிக்கின்னு நாள் சொல்லுங்க. நான் இட்டுக்கினு வரேன்."

மார்கழி முதல் வாரத்தில் அறுவை நடந்தது. நான் பச்சை உடை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். நிபுணர் குடலை வெளியே எடுத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய இணைப்பின் ஓரத்தில் ஒரு பெரிய மாங்காய் அளவுக்குத் தொங்கியது அந்தப் பை. "அன்னைக்கு இவர ஆபரேஷன் பண்ணவரு கெட்டிக்காரரு. கிழிஞ்ச கொடல வெச்சிக்கினு இவ்ளோ சுத்தமா யாரும் போட முடியாது" என்றார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த முகம் தெரியாத கை அன்று ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதனால்தான் பத்தொன்பது வருடம் கழித்து வயிறு ஊத ஓர் ஆள் உயிரோடு இருந்தார். பையை வெட்டி எடுத்து, குடலை நேருக்கு நேராக இணைத்துத் தைத்தார்கள். தையல் கூடியது. ஒன்பதாவது நாள் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். ஆறாவது வாரம் வெளிநோயாளி வரிசையைத் தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவர் வரிசையில் நின்றார். நாற்காலியை விட்டு எழுந்து வரிசைக்கே போனேன்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல டாக்டரம்மா. ஒண்ணும் ஆவலைன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க எண்ணிக்கினு இருப்பீங்கன்னு பிலோமினா சொல்லுச்சு."

பன்னிரண்டாவது வாரமும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதம், மருந்தே இல்லை. மூச்சுப் பரிசோதனையைத் திரும்பச் செய்தோம், சுத்தமாக இருந்தது. எடை ஐம்பத்தெட்டு. கால்கள் மட்டும் மெதுவாகத்தான் திரும்பின. நரம்பு தன் வேகத்தில்தான் வரும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். எட்டாவது மாதம் ஒருநாள் கண்ணை மூடச் சொல்லி, கவையைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தேன்.

அவர் புருவம் சுருங்கியது. பிறகு அறைக்கு வெளியே இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "அதிருது! டாக்டரம்மா, அதிருதுங்க!"

கண்ணை மூடியபடி நேராக நிற்கச் சொன்னேன். நின்றார், ஆடவில்லை. ஒரே கோட்டில் நடக்கச் சொன்னேன். நடந்தார். மேசைக்குப் போய், உயரத்தில் ஏறி வேலை செய்யத் தகுதியுடையவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ சான்றிதழ்கள் எழுதியிருக்கிறேன். மை காயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

அந்த வாரமே, அடிக்கடி திரும்பி வரும் என்னுடைய மற்ற நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். சேத்தியாத்தோப்பு கடைக்காரர் ஒருவருக்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையால் குடலின் நரம்புகள் சோர்ந்து, அசைவே மந்தமாகியிருந்தது. சர்க்கரையைப் பிடித்ததும் வயிறும் பிடிக்கு வந்தது. ஸ்ரீமுஷ்ணத்து அம்மாள் ஒருவர் முதுகுவலிக்கு மாதக்கணக்காகச் சாப்பிட்ட மாத்திரை குடலைத் தூங்க வைத்திருந்தது. இரண்டு பேருக்கு எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இன்றும் மருந்துதான். அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடிகிறது.

நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். உங்கள் மருந்துகளும் என் மருந்துகளைவிட நல்லவை. அதனால் உங்கள் நோயாளிகள் இன்னும் சீக்கிரம் குணமாவார்கள், நீங்கள் இன்னும் சுலபமாக ஏமாறுவீர்கள். மூன்றாவது முறை ஒரே சீட்டை எழுத நேர்ந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். பழைய சீட்டுகளைப் பாருங்கள், முதலில் உங்கள் கையெழுத்து உள்ளவற்றை. தழும்பைத் தொட்டுப் பாருங்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால், உண்மையைச் சொல்வதால் அவருக்கு எதெல்லாம் போகும் என்று யோசியுங்கள்.

நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த கார்த்திகையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். பெரிய காற்று அடித்து, மரங்கள் விழுந்து, இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். கம்பத்தடியில் காசிம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நின்றிருந்தார். உச்சியில் மஞ்சள் தலைக்கவசத்தோடு ஆரோக்கியராஜ். இரண்டு பாதங்களையும் குறுக்குச் சட்டத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு கைகளாலும் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

அவர் இறங்கி வந்து கையை ஆட்ட, காசிம் போனில் யாரிடமோ சொல்ல, தெரு முழுக்க ஒரே நேரத்தில் மின்விசிறிகள் சுற்றின, எங்கோ ஒரு மிக்ஸி அலறியது, பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். ஆளாளுக்குக் கை தட்டினார்கள். நானும் நடுத்தெருவில் நின்று தட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காசிமின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் மின்சாரம் வரவில்லை.